மூணு பேருக்குக் காட்டிட்டுத் தர்றேன்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போன எனக்கு அந்தப் போட்டோ கைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கரண்டும் போகவில்லை, மிஷினும் மக்கர் பண்ணவில்லை. படமெடுத்த அக்கா, பிரிண்டரிலிருந்து வந்த தாளை வெடுக்கென்று உருவிக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல் மாடிப்படி இறங்கி ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார். என் மூஞ்சி அவர் கையில் போகிறதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரை மறித்து, படத்தை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். வாய்க்குள் மூன்று வரை எண்ணினார். சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னண்ணே பாத்தீக?”

“ஒரு பொம்பளப் பிள்ள.”

“அது தெரியுது. வேற என்ன தெரிஞ்சுச்சு?”

அவர் மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு யோசித்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியவில்லை.

“கடுப்புல இருக்கு. யாரையோ வையப் போகுது.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “கேட்டியா? வா, வேற எடுப்போம்.”

அது ஏதோ ஒரு வேலைக்கான விண்ணப்பத்துக்கு எடுத்த படம். ஒட்டினால் அதன்மேல் பாதி மூஞ்சிக்கு சீல் விழும். அதில் நான் கடுப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். எனக்கு எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கத்தான் வரும். அக்கா என்னை இழுத்துக்கொண்டு படியேறினார்.

“ஒன் படத்த நீயா பாக்கப் போற? பாக்குறவன் வேற ஆளு பிள்ள. படம் அவனுக்குத்தான்.”

எங்கள் மலையூர் ஆனைக்கரையில் பேக்கரிக்கு மேலே இருந்த அந்தக் கடையில் போட்டோ, பிளெக்ஸ், போட்டோஸ்டாட், லேமினேஷன் எல்லாம் உண்டு. அக்காவுக்கு ஒரு பேரும் உண்டு, ரேஷன் கார்டில். ஊருக்கு அவர் ஸ்டுடியோக்கா. போடிப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவர் என்று சொல்வார்கள். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நின்று பதில் சொல்லியிருக்க மாட்டார். ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வேலையையும் குனிந்து நின்றபடிதான் செய்வார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே யாரோ ஒருவர் முன்னால் ஒரு படத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் கடையிலிருந்து எந்தப் படமும் மூன்று பேர் பார்க்காமல் வெளியே போகாது. “மூணு பேருக்குக் காட்டிட்டுத் தர்றேன்” என்பார். அந்த மூன்று பேரும் படத்தில் இருப்பவருக்கு முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்பவர், மருந்துக் கடைக்கு வந்தவர், வழி கேட்ட டூரிஸ்ட் என்று யாரையும் விட மாட்டார். அவரைத் தூரத்தில் கண்டாலே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர்கள் இருந்தார்கள். கல்யாணப் படத்தைக் கேட்டு வந்த மாமனார் ஒருவர், “ஏம்மா, எம் பொண்ணு கல்யாணத்த நான் பாக்குறதுக்கு முன்னாடி மீன்காரன் பாக்கணுமா?” என்று சண்டைக்கு நின்றார். அக்கா அசரவில்லை.

“சொந்தக்காரங்க கண்ண நம்பக் கூடாதுங்கய்யா. ஒங்களுக்கு ஆளத் தெரியும். ஆளத் தெரிஞ்சவுக படத்தப் பாக்க மாட்டாக.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அப்போது அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

விண்ணப்பம் போட்ட வேலை கிடைக்கவில்லை. குமுளி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்தேன். எங்கள் முதலாளி கொச்சியிலிருந்து ஆள் கூட்டி வந்து அறைகளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். இஸ்திரி போட்ட விரிப்பு, அன்னமாக மடித்த துண்டு, தூசி இல்லாத கண்ணாடி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. போன் மட்டும் அடிக்கவில்லை. அந்தப் படங்களை நோட்டீஸ் அடிக்க அக்காவிடம் கொண்டுபோனேன். வழக்கம்போலப் பறித்துக்கொண்டு ஓடினார். கால் மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தார்.

“ஒருத்தன் ஆஸ்பத்திரியாங்கிறான். இன்னொருத்தன் யாராவது செத்துப்போன ரூமாங்கிறான்.”

மறுநாள் அவரே ரிசார்ட்டுக்கு வந்தார். வராந்தாவில் இரண்டு நாற்காலியைக் கோணலாகப் போட்டார். ஒன்றின் முதுகில் என் ஸ்வெட்டரைத் தொங்கவிட்டார். கைப்பிடிச் சுவரில் பாதி குடித்த காப்பி கிளாஸை வைத்தார். பின்னால் மஞ்சு மூட்டம் இறங்கும்வரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு நாலே நாலு படம் எடுத்தார். முதலாளிக்கு முகம் கோணிப் போனது. எச்சில் கிளாஸைப் போய் யாராவது விளம்பரத்தில் போடுவார்களா என்றார். அந்தப் படத்தைப் போட்ட வாரமே போன் வர ஆரம்பித்தது. அந்த வராந்தா உள்ள அறைதான் வேண்டும் என்று கேட்டார்கள்.

“எப்பிடிக்கா?” என்றேன்.

“எல்லாத்தயும் நாமளே நெறச்சு வச்சா பாக்குறவன் எங்க போயி நிப்பான்? அவனுக்கு ஒரு எடம் விடணும்ல. இப்ப அந்த ஸ்வெட்டர் யாருது, எங்க எந்திரிச்சுப் போனாகன்னு அவன் தேடுவான். தேடிக்கிட்டே உள்ள வந்துருவான்.”

சொல்லி முடிக்கும்போது படியில் பாதி இறங்கியிருந்தார்.

கழுத்தில் தீத்தழும்பு இருந்த ஒரு பெண்ணின் படம் மூன்று மாப்பிள்ளை வீடுகளிலிருந்து திரும்பி வந்துவிட்டது. தழும்பைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தரச் சொல்லி அவளுடைய அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். அக்கா அழிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் காற்றடிக்கிற மேட்டுக்குக் கூட்டிப்போய்க் கையில் குடையைக் கொடுத்தார். குடை மேல்பக்கமாகப் பிரிந்துகொண்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதுதான் படம். பார்த்த மூன்று பேரும் குடையைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும்தான் சொன்னார்கள். தழும்பு அதே இடத்தில் பளிச்சென்று இருந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷமே கல்யாணம் ஆனது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பார்க்கிறவன் கண்ணை வரவழைக்கத் தெரிந்தவருக்குக் கண்ணைத் திருப்பி விடவும் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை.

பயப்பட இன்னொன்றும் இருந்தது, அக்காவின் கோட்டுப் படங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் கோட்டுப் போட்ட ஒரு ஆண்பிள்ளை இருப்பார். வாழ்நாளில் கோட்டைத் தொட்டுப் பார்த்திராதவர்கள். தலையை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரில் இருந்த நீலக் கோட்டின்மேல் வைத்துவிடுவார் அக்கா. வீட்டுக்கு வீடு அதே கோட்டு, அதே சிவப்பு டை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள் என்பதால் பெண் இருக்கிற வீடுகளில் அந்தக் கோட்டுக்கு நல்ல மவுசு.

எனக்கு நிச்சயம் பண்ணும்போது எங்கள் வீட்டுக்கும் கோட்டு வந்தது. ஏற்பாடு என் அண்ணனுடையது. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இருந்த ஒரே படம் முப்பது வயசில் எஸ்டேட் கார்டுக்கு எடுத்தது. போனவருக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பவரைச் சேர்த்து ஜோடியாக மாட்டுவது எங்களுக்குள் வழக்கம். ஆனால் முப்பது வயசு அம்மாவுக்குப் பக்கத்தில் அறுபது தாண்டிய அப்பாவை வைத்தால் மகளும் தகப்பனும் மாதிரி இருக்குமே. அதனால் அக்கா அப்பாவை அம்மாவின் வயசுக்கு இறக்கினார். முடியைக் கறுப்பாக்கினார். விழுந்த பல்லை முளைக்க வைத்தார். ஒடுங்கின கன்னத்தை நிரவினார். நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கோட்டை மாட்டினார். மூன்று பேருக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். மூன்று பேரும் ‘நல்ல ஜோடி’ என்றார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

படத்தை மாட்டிய அன்றைக்கு அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“அம்மாகூட இருக்கிறது யாரு? பெரிய எடத்து ஆளோ?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் வந்திருந்தார், அவரும் சிரித்தார். அப்பா கிண்டல் பண்ணவில்லை என்பது எங்களுக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

அப்பா நாற்பது வருஷம் ஏலக்காயைக் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர். பச்சைக் காயை உலர்த்தும்போது தீ ஒரே சீராக எரிய வேண்டும். அணைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. மறதி வந்த பிறகு மற்ற எல்லாம் போய் அந்தத் தீ ஒன்றுதான் அவரிடம் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, “அடுப்பு என்னாச்சோ, போயிப் பாத்துட்டு வாரேன்” என்று கிளம்பிவிடுவார். லயத்துக்காரர்கள் யாராவது கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நான் பக்கத்து லயத்தில்தான் இருந்தேன், எனவே நானும் ஒரு கண் வைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு ரிசார்ட்டில் காலை ஷிப்ட். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போன பத்து நிமிஷத்தில் அப்பா கிளம்பிப் போயிருக்கிறார். அன்றைக்கு மழைக்குப் பயந்து லயத்தில் ஒருவரும் வெளியே நிற்கவில்லை. மதியத்துக்குள் தோட்டம், ஓடை, கோயில் எல்லாம் தேடியாயிற்று. முன்பு அவர் வேலை பார்த்த ஸ்டோருக்கும் ஓடினோம், அங்கே இல்லை. வேறு எந்த ஸ்டோருக்கு அவர் போவார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். போட்டோ கேட்டார்கள்.

இங்கேதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். என் போனில் அப்பாவின் படங்கள் நாற்பது ஐம்பது இருந்தன. குரங்குக் குல்லாவும் கம்பளியும் பொக்கை வாயுமாக, தண்ணீர்க் குழாயடியில், கோழிக்குப் பின்னால், அடுப்படியில். அண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான்.

“பிச்ச எடுக்குறவுக மாதிரி இருக்கு எல்லாம். ஊரே பாக்கப் போகுது. சம்பந்தி வீட்டுல பாப்பாங்க.”

சுவரில் இருந்த ஜோடிப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுத்தான். “இது தெளிவா இருக்கு. இதயே போடட்டுமா?” என்று என்னைக் கேட்டான். எதையும் எடக்கு மடக்காகக் கேட்கிற நான் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “போடுண்ணே” என்றேன்.

கடை பூட்டியிருந்தது. தங்கை மகளுக்குப் பிரசவம் என்று அக்கா போடிக்குப் போயிருந்தார். அண்ணன் கட்டப்பனைக்குப் போய் ஆறு பிளெக்ஸ் அடித்து வந்து கட்டினான். வாட்ஸ்அப்பில் அந்தப் படம் காட்டுத்தீயாகப் பரவியது. அப்படி ஒரு படம் அது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. இவ்வளவு கம்பீரமான மனுஷன் காணாமல் போனாரே என்று கைகூப்பும் பொம்மையும் அழுகிற பொம்மையும் போட்டார்கள். அறுபத்தெட்டு வயசு என்று போட்டிருக்கிறதே, பார்த்தால் தெரியவில்லையே என்று ஒருவர் வியந்திருந்தார். யார் யாரோ போன் பண்ணி ஆறுதல் சொன்னார்கள். பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. மழை விடவில்லை. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன், உட்கார்ந்தால் அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டுடியோக்கா வந்தார். போடியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் ஸ்டாண்டில் கட்டியிருந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு, கையில் பையோடு அப்படியே எங்கள் லயத்துக்கு ஓடி வந்திருந்தார். தலையெல்லாம் ஈரம்.

“எவன்டா அந்தப் படத்தப் போட்டது?”

“நான்தான்க்கா. அதுலதான் அப்பா நல்லா—”

“அது ஒங்கப்பா இல்லடா! அது நான் செஞ்சது!”

லயமே எட்டிப் பார்த்தது. அக்கா என் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் மேலும் கீழும் நடந்தபடி படங்களைத் தள்ளினார். ஒரு படத்தில் நின்றார். நான் மஞ்சு மூட்டத்தைப் படம் எடுத்தபோது குறுக்கே போன அப்பா அதில் இருந்தார். முக்கால்வாசி முதுகுதான். குரங்குக் குல்லா, பழுப்புக் கம்பளி. மூட்டை சுமந்து ஒருபக்கம் இறங்கிப்போன தோள். இடது கை பின்னால் போய் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அப்பா நடந்தால் அப்படித்தான் நடப்பார்.

“இதுதான்.”

அண்ணன் எட்டிப் பார்த்தான். “மூஞ்சியே தெரியலயேக்கா. இதப் போட்டா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். ரோட்டுல நடந்து போறவர எவன்டா எதுக்க நின்னு மூஞ்சியப் பாத்தான்? வண்டியில போறவன் முதுகத்தான பாத்திருப்பான்?”

அண்ணன் அதற்கும் ஏதோ சொல்ல வந்தான். அக்கா அதற்குள் ரோட்டில் இருந்தார், நான் பின்னால்.

கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றி வருகிற ஜீப்புகள் அப்போதுதான் வந்து நின்றுகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு டிரைவரிடமும் போனை நீட்டினார். முதல் ஆள் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் ஆள் மூஞ்சி தெரியவில்லையே என்றார். மூன்றாவது டிரைவருக்கு முப்பது வயசு இருக்கும். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அக்கா எண்ணவில்லை, கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“இவுகளா? இவுகள நான் பாத்தேனேக்கா. செவ்வாக்கெழம சாயந்தரம், கம்பமெட்டு ரோட்டுல. மழையில போறாகளேன்னு வண்டிய நிறுத்தி, ஏறுங்கய்யா, எறக்கி விடுறேன்னேன். ‘ஸ்டோர்ல தீ அணஞ்சு போகும், நீ போ’ன்னாரு.”

“எந்த எடத்துல?”

“ரெண்டாவது வளைவு தாண்டி. அங்க உள்ள ஒரு பழைய ஸ்டோர் கெடக்குல்ல, ஆள் இல்லாம. அந்த வழியிலதான் எறங்குனாரு. இவுகள எதுக்குக்கா—” அவர் கண் பத்தடி தள்ளிக் கட்டியிருந்த பிளெக்ஸுக்குப் போய்த் திரும்பியது. “அதுவும் இவுகளுமா ஒண்ணு? அந்தப் படத்த நானே நாலு குரூப்புல போட்டேனேக்கா.”

அவர் வண்டியிலேயே போனோம். வழியில் அண்ணனையும் ஏற்றிக்கொண்டோம். கல்யாணத்துக்கு முன்னால், நாங்கள் பிறப்பதற்கு முன்னால், அப்பா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டோர் அது என்று அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூரையில் பாதி இல்லை. கதவும் இல்லை. அப்பா அடுப்பு வாய்க்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தார். ஈரச் சுள்ளிகளை ஒடித்து, எரிக்கத் தோதாக நெடுகிலும் அடுக்கி வைத்திருந்தார். நான் கன்னத்தைத் தொட்டேன். அப்புறம் அண்ணன் போட்ட சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. டிரைவர் வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் அண்ணனையும் மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். குளிரும் பட்டினியும். உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை. அன்றைக்கு விடிகாலை நாலு, ஐந்து மணி இருக்கலாம். செவ்வாய் சாயந்தரத்திலிருந்து வியாழன் விடிகாலைவரை அப்பா அங்கே உயிரோடு இருந்திருக்கிறார். ஜீப்பில் போனால் அங்கே கால் மணி நேரம்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் யாரையும் கூப்பிடாமல் அரிவாளோடு போய் ஆறு பிளெக்ஸையும் அறுத்துக் கொண்டுவந்தான். வீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்து மேலே கல்லைப் போட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் ‘போடுண்ணே’ என்று நான் சொன்னதைத்தான் முதலில் பேச வேண்டும்.

அக்கா கடையைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகும் அதிக நாள் திறக்கவில்லை. இப்போது திருப்பூரில் தங்கையோடு இருக்கிறார், ஏதோ பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுகிறாராம். அந்த மாடியில் மொபைல் கடை வந்துவிட்டது. அக்கா ஏன் ஊரை விட்டுப் போனார் என்று யாராவது கேட்டால், தங்கையின் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று நான் சொல்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாமல் போனதே என்கிற கோபம். தெரிந்த கண்ணை நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே, அப்பாவைத் தெரிந்த ஒருவரிடமும் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்காமல் விட்டாரே என்கிற கோபம். ஆனால் தெரிந்த கண்ணோடு அந்த வீட்டிலேயே இருந்தவள் நான். கோபம் சுற்றிச் சுற்றி வந்து என்னிடம்தான் நின்றது.

ஊரை விட்டுப் போகும் முன், அப்பாவின் காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நான் வெளியே போனேன். அண்ணன் உள்ளே பித்தளை துலக்கிக்கொண்டிருந்தான். அக்கா என் கையைப் பிடித்தார். இழவு விசாரிக்கவில்லை, அழவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு? உசுரு எப்பப் போச்சாம்?”

இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வாரமாக எனக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொன்னது.

“மொத நாள் ராத்திரியேக்கா. குளிரு தாங்கல.”

அவர் என்னையே பார்த்தார்.

“செவ்வாக்கெழமயா?”

“ஆமாக்கா.”

“அப்ப, படம் மாத்திப் போட்டிருந்தாலும்...”

அப்போது உள்ளேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. அக்காவோடு மல்லுக்கு நின்றவன், பத்து நாளாக எவரோடும் பேசாதவன், புளிக் கையோடு வாசலுக்கு வந்து நின்றான்.

“எந்தப் படத்தப் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு. ஆஸ்பத்திரிக் காகிதத்துலயே எழுதியிருக்கு.”

அக்கா அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அவர் என்ன பார்த்தாரோ. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. என் கையை விட்டுவிட்டு லயத்தின் படிகளில் இறங்கினார். நாலு படி போனவர் நின்று, திரும்பி, அண்ணனிடம் சொன்னார்.

“அந்த ஜீப்புக்காரப் பையன்கிட்டயும் போயி இதயே சொல்லிரு. அன்னையிலேருந்து அவன் வண்டி எடுக்கலையாம்.”

அண்ணன் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினான்.